ஈ வராத வீடு

எங்கள் அண்ணி வீட்டில் ஈ வராது. மீன் கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டினாலும் வராது. பழத்தை நறுக்கி மேசையில் மறந்து வைத்தாலும் வராது. கொசுவும் எறும்பும்கூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. வெயில் காலத்தில் தெருக்காரர்கள் ஆளுக்கொரு அட்டையால் விசிறிக்கொண்டு சாப்பிடும்போது, அண்ணி வீட்டில் மட்டும் தட்டைத் திறந்துபோட்டு ஆற அமரச் சாப்பிடலாம். என்ன, சோறும் கொஞ்சம் தைல வாசனை அடிக்கும். அதைப் பற்றி அவளிடம் வாய் திறக்க முடியாது.

என் அண்ணனின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான் இந்த ஈயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வீடு என்றா சொன்னேன்? முன்னால் ஒரு தகரக் கொட்டகை, பின்னால் இரண்டு அறை, நடுவில் எப்போதும் திறந்தே கிடக்கும் ஒரு கதவு. கொட்டகையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம். கற்பூரவல்லி, யூக்கலிப்டஸ், எலுமிச்சைப் புல் என்று அந்தந்தப் பருவத்தில் கிடைக்கிற இலையை அதில் அடைத்து, கீழிருந்து நீராவி ஏற்றுவார்கள். ஆவி இலையிலிருக்கும் எண்ணெயைக் கிளப்பிக்கொண்டு மேலே குழாய்க்குள் போகும். குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும். குளிர்ந்து வெளியே வரும்போது கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் கீழேயும் எண்ணெய் மேலேயுமாகப் பிரிந்து நிற்கும். ஒரு வண்டி இலைக்கு ஒரு சின்னப் புட்டி கிடைத்தால் பெரிய விஷயம். அந்தப் புட்டிகளில் எண்ணெயை ஊற்றி, மூடி போட்டு, லேபிள் ஒட்டுவது என் வேலை. நான் தனிக்கட்டை. சில தெருக்கள் தள்ளி ஓர் அறையும் சமையலறையும் வாடகைக்கு எடுத்து இருந்தேன். காலையில் வந்தால் பொழுது சாயும்போது போவேன்.

டிரம்முக்குள் இலையை அடைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. சும்மா கொட்டினால் நடுவில் சந்து விழும். ஆவி அந்தச் சந்தில் நழுவி ஓடிவிடும், பாதி இலை அப்படியே கிடக்கும். அதனால் உள்ளே இறங்கி வெறுங்காலால் மிதித்து இறுக்க வேண்டும். செருப்புப் போட்டால் எந்த இடம் தளர்ந்திருக்கிறதென்று காலுக்குத் தெரியாது. என் அண்ணன் மிதித்தால் ஒரு சந்து இருக்காது. "உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டது மூஞ்சிக்காக இல்ல, அந்தக் காலுக்காக" என்று அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவனும் வெட்கமில்லாமல் காலைத் தூக்கிக் காட்டுவான். இலைச்சாறு ஊறி ஊறிப் பச்சையும் கறுப்புமாக இருக்கும் பாதம்.

அவனுக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவான், இல்லாவிட்டால் இல்லை. கொஞ்ச காலமாக அந்தப் பாதங்களுக்கு உணர்ச்சியே இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. அவனே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தான், மனுஷன்.

அண்ணியைத் தெருவில் தைலக்காரம்மா என்பார்கள். சின்ன வயதில் இன்னொருவர் கொட்டகையில் இலை உருவும் கூலியாகச் சேர்ந்தவள். அந்த முதலாளி தொழிலை மூடிவிட்டுப் போனபோது பழைய டிரம்மை வாங்கி, ஓட்டை அடைத்து, தானே நிமிர்ந்தவள். அவளுக்கு எல்லாமே மூக்குதான். குழாய் முனையில் நின்று ஒரு மூச்சு இழுப்பாள். "இன்னும் இருக்கு, தீயை அணைக்காதீங்க" என்பாள், அல்லது "போச்சு, இனிமே வெறும் தண்ணிதான்" என்பாள். ஒரு நாளும் தப்பியதில்லை. நானும் பல வருஷம் அதே காற்றை இழுத்தவள்தான், ஆனால் எனக்குக் கொட்டகைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் எந்த வாசனையும் தெரியாமல் போய்விடும். அண்ணிக்கு எண்ணெயைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் போயிருந்தது. பால் அடிப்பிடித்தால் நான்தான் அடுப்படியில் புகையைக் கண்டு ஓடுவேன், அவள் பக்கத்திலேயே நிற்பாள். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு பயம்தான், ஆஸ்பத்திரி. "எங்கப்பா பெருவிரல்ல ஒரு புண்ணோட தன் கால்ல நடந்து உள்ள போனாரு. முதல்ல விரலை எடுத்தாங்க, அப்புறம் பாதத்தை, அப்புறம் காலை. கடைசியில வெளிய வந்தப்போ தூக்கிட்டுத்தான் வந்தோம்" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆஸ்பத்திரி வாசல் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறமாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள்.

இப்படி இருக்கும்போதுதான் கல்லூரியிலிருந்து அந்த ஆராய்ச்சிப் பெண் வந்தாள். தோளில் ஒரு பை, மூக்கில் நழுவுகிற கண்ணாடி, யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. மூலிகை எண்ணெய்களைச் சோதிக்கிறாளாம், கற்பூரவல்லி எண்ணெய் வேண்டுமாம். அண்ணி கொடுத்தாள். கொஞ்ச நாள் கழித்து எங்கள் இருவரையும் ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினாள்.

வட்டமான சின்னக் கண்ணாடித் தட்டு. அதில் பால் ஆடை படர்ந்த மாதிரி வெளுப்பாக ஏதோ மூடியிருந்தது. அத்தனையும் கிருமி என்றாள். நடுவில் பொட்டு அளவுக்கு ஒரு காகிதம், அதில் எங்கள் எண்ணெயில் ஒரு சொட்டு. அந்தக் காகிதத்தைச் சுற்றி மட்டும் பளிச்சென்று ஒரு வளையம். ஆடை இல்லை, ஒன்றுமில்லை, துடைத்த கண்ணாடி.

"இந்த வளையத்துக்குள்ள ஒரு கிருமிகூட வளரலம்மா" என்றாள் அந்தப் பெண்.

அண்ணி தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அந்தப் பெண் இன்னொன்றும் காட்டினாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தண்ணீர். அதில் எண்ணெயைக் கலந்ததும் நிறம் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. காற்றுப் பட்டு எண்ணெய்ப் பண்டங்கள் சிக்கு வாடை அடித்துக் கெட்டுப்போவதை எங்கள் எண்ணெய் தடுக்கும் என்பதற்கு அது அடையாளமாம். அவ்வளவுதான், அன்றிலிருந்து அண்ணி சமையல் எண்ணெயிலும் ஒரு சொட்டு விட ஆரம்பித்தாள். எண்ணெய் கெடவில்லை, உண்மைதான். எங்கள் நாக்குதான் கெட்டது. "வறுவலைத் தின்னா சளி போகுது" என்று அண்ணன் கிண்டலடித்தான்.

புறப்படும்போது அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இது தட்டுல நடந்ததும்மா. மனுஷ உடம்புல இப்படி நடக்கும்னு நாங்க சொல்லல. அதுக்கு இன்னும் எவ்வளவோ பார்க்கணும்."

"தட்டுல சாகுற கிருமி உடம்புல மட்டும் சிரஞ்சீவியா இருக்குமா?" என்றாள் அண்ணி. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அண்ணி சிரிக்கவில்லை. அந்தத் தட்டின் படத்தைக் கேட்டு வாங்கி, பெரிதாக்கி, சட்டம் போட்டு, படுக்கையறைச் சுவரில் மாட்டினாள். கல்யாணப் படத்தைக்கூட அவள் அப்படி மாட்டியதில்லை.

அண்ணன் காலில் கம்பி ஏறியது அந்தப் பருவத்தின் கடைசி அடைப்பில். இலைக்கட்டைச் சுற்றி வந்த கம்பித் துண்டு இலையோடு டிரம்முக்குள் போய்விட்டது. அவன் அதன்மேல் ஏறி நின்று மிதித்திருக்கிறான், ஒன்றும் தெரியவில்லை. வெளியே இறங்கி நடந்த பிறகு தரையிலிருந்த சிவப்புத் தடத்தைப் பார்த்து, "யாருக்கு அடிபட்டுது?" என்று அவனே கேட்டான்.

அண்ணி கம்பியைப் பிடுங்கினாள், கழுவினாள், கற்பூரவல்லி எண்ணெயை அப்படியே துணியில் நனைத்துக் கட்டினாள்.

"அண்ணி, ஒரு ஊசி போட்டுட்டு வந்துரலாம்" என்றேன்.

"எதுக்கு? காலை எடுக்கவா?"

"ஊசி போட்டா யாரும் காலை எடுக்க மாட்டாங்க. இவனுக்குச் சர்க்கரை இருக்கு, விளையாட்டு இல்ல இது."

"எங்கப்பாவுக்கும் முதல்ல ஊசிதான் போட்டாங்க" என்றாள். "இந்தக் காலு என் வீட்ல இருக்குற வரைக்கும்தான் இவரோட காலு. அங்க கொண்டுபோய்ட்டா அவங்களோடது."

அதற்கு மேல் நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. தெருவே எட்டிப் பார்த்தது. அண்ணன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "வலியே இல்லடி, ஏன் ஊரைக் கூட்டுற?" என்றான். வலி இல்லை என்றதும் அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள், பார்த்தாயா என்கிற மாதிரி. வலி இல்லாததுதான் ஆபத்து என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

அண்ணன் படுக்கையில் கிடந்தான், அண்ணி கொட்டகையையும் அவனையும் சேர்த்துப் பார்த்தாள். காலையும் மாலையும் கட்டைப் பிரிப்பாள், எண்ணெய் ஊற்றுவாள், கட்டுவாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பொறுமை அவளுக்கு. அவள் அவனைக் கவனிக்காமல் விட்டாள் என்று யாராவது சொன்னால் நான் அவர்கள் நாக்கை இழுத்துவைத்து அறுப்பேன். கண்ணும் கருத்துமாகப் பார்த்தாள். பார்த்ததுதான் வினையாகிப் போனது.

ஒரு நாள் காலை நான் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அண்ணி கூவினாள். "ஏய், இங்க வா! ஓடி வா!" என்னவோ ஏதோ என்று ஓடினேன். அண்ணன் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வளையம் வந்துருச்சு, பாரு!"

பார்த்தேன். உள்ளங்காலில் புண் நடுவில் கறுப்பாக இருந்தது. அதைச் சுற்றி வெளுப்பாக, சுத்தமாக, ஒரு வளையம். வட்டம் போட்டு வரைந்த மாதிரி இருந்தது. அண்ணி சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள், காலைக் காட்டினாள், திரும்பவும் படத்தைக் காட்டினாள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. "கிருமி செத்துக்கிட்டே வருது. எண்ணெய் பரவுது பாரு, இந்த எடத்துல ஒண்ணுமே இல்ல" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. அண்ணன் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தான். எனக்கு என்னவோ அந்த வெளுப்பு பிடிக்கவில்லை. தண்ணீரில் ஊறிய தோல் மாதிரி செத்த வெளுப்பு. சொன்னேன், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு தினமும் வளையத்தைப் பார்ப்பதே அவள் வேலையாயிற்று. வளையம் அகலமானால் வீடே கலகலக்கும். வளையம் அகலமாகிக்கொண்டேதான் இருந்தது. நடுவிலிருந்த கறுப்பும் கூடவே அகலமானது. அதை அவள் புண் காய்ந்த பக்கு என்றாள், உதிர்ந்துவிடும் என்றாள். அண்ணனுக்கு மாலையானால் உடம்பு சுட்டது. பேச்சுக் குறைந்தது. சாப்பாட்டைத் தொட்டுவிட்டு வைத்துவிடுவான்.

பிறகு அந்த வீட்டில் ஓர் ஈ வந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன். கொட்டகை வழியாக, எலுமிச்சைப் புல் ஆவி நெஞ்சை அடைக்கிற அந்தக் காற்றைத் தாண்டி, திறந்த கதவுக்குள் நுழைந்தது. தண்ணீர்ப் பானையில் உட்காரவில்லை, தட்டில் உட்காரவில்லை. நேராகப் போய் அண்ணனின் கட்டின்மேல் உட்கார்ந்தது. நான் துணியால் விசிறினேன். எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் உட்கார்ந்தது.

"அண்ணி, ஈ" என்றேன்.

"நம்ம வீட்லயா? உனக்குக் கண்ணுல பூச்சி பறக்குது" என்றாள்.

மறுநாள் இன்னும் சில வந்தன. அண்ணி எண்ணெயை அதிகமாக ஊற்றினாள். கட்டு சொட்டச் சொட்ட நனைந்தது, எனக்குக் கண் எரிந்தது. ஈ போகவில்லை. ஜன்னலைச் சாத்தினாள், கதவில் துணி தொங்கவிட்டாள். அப்போதும் எந்தச் சந்து வழியாகவோ வந்தன. நான் குனிந்து அந்தக் கட்டை முகர்ந்து பார்த்தேன். கற்பூரவல்லி வாசனைகூட எனக்குத் தெரியவில்லை. அந்தக் கொட்டகையில் எனக்குத்தான் எதுவுமே தெரியாதே! அண்ணி முகர்ந்தாள். "நல்லா சுத்தமா இருக்கு. எண்ணெய் வாசனைதான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் மூக்கு அவளுக்குச் சொன்னது அதுதான்.

அந்த வாரம் ஆராய்ச்சிப் பெண் புதிய எண்ணெய் வாங்க வந்தாள். அண்ணி அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வாம்மா, உன் வளையம் எங்க வீட்டுக்கே வந்துருச்சு, வந்து பாரு."

அந்தப் பெண் படுக்கையறை வாசற்படியில் நின்றுவிட்டாள். கையை எடுத்து மூக்கைப் பொத்தினாள். அவள் இன்னும் புண்ணைப் பார்க்கவேயில்லை. அவள் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன், அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது.

"என்னம்மா, எண்ணெய் நெடி ஒத்துக்கலையா?" என்று கேட்டாள் அண்ணி.

"எண்ணெய் இல்லம்மா." பொத்திய கையை அவள் எடுக்கவில்லை. "அழுகுற நாத்தம். உங்களுக்குத் தெரியலையா? யாருக்குமே தெரியலையா?"

அண்ணி கட்டைப் பிரித்துக் காட்டினாள். அப்போதும் வளையத்தைக் காட்டத்தான் பிரித்தாள். கறுப்பு விரல்களுக்குப் போயிருந்தது. கணுக்காலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறியிருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே ஓடி ஒரு வண்டியை நிறுத்தினாள். அண்ணி ஏற மறுப்பாள், சண்டை போட வேண்டியிருக்கும் என்று நான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். அவள் சண்டை போடவில்லை. அண்ணன் காலை மடியில் தாங்கிக்கொண்டு, பேயறைந்தவள் மாதிரி, தான் சுற்றிக்கொண்டு போகிற அதே ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தாள்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "உங்க எண்ணெய் மேல இருந்த கிருமியை வேணும்னா கொன்னுருக்கும். கம்பி உள்ள கொண்டுபோய் விட்டதை அது எட்டவே இல்ல. எலும்பு வரைக்கும் போயிருச்சு" என்றார். "அந்த வெள்ளை வளையம்?" என்று அண்ணி கேட்டாள். டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "கலக்காம ஊத்துனதுல தோல் வெந்திருக்கும்மா. மிச்சம், ரத்தம் போகாம செத்த தோல்."

கண் விழித்த பிறகு அண்ணன் என்னிடம் பேசினான். அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"எனக்கு நாத்தம் தெரிஞ்சுது" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "எப்போண்ணா?"

"ஈ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே. கொட்டகைக்குப் போகாம படுத்துக் கெடந்தேன்ல, மூக்கு தெளிஞ்சுருச்சு. போர்வையைத் தூக்குனா அடிக்கும்."

"அட பாவி! வாயைத் திறந்து சொன்னா என்ன?"

அவன் கூரையைப் பார்த்தான். "வளையம் வந்துருச்சுன்னு அவ சிரிச்சால்ல. அவங்கப்பா போனதுக்கப்புறம் அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அவகிட்ட சொல்லிராத."

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே சொல்லிவிட்டேன். அவன்மேல் இருந்த ஆத்திரம், அவள்மேல் இருந்த ஆத்திரம், எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினேன். அண்ணி மருந்துப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், அது அங்கே இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

இன்னொரு கால் இருக்கிறது. அதிலும் உணர்ச்சி இல்லை. அதையும் கண்போலப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அண்ணனை அந்த வீட்டுக்குக் கொண்டுபோக அண்ணி சம்மதிக்கவில்லை. என் அறைக்குத்தான் கொண்டுவந்தோம். நான் புட்டி வேலையை விட்டுவிட்டேன். அண்ணிதான் விடச் சொன்னாள். "உன் மூக்காவது திரும்ப வரட்டும்" என்றாள். வந்துவிட்டது. இப்போது பக்கத்து வீட்டில் பால் பொங்கினால்கூட எனக்குத் தெரிகிறது. அண்ணி இன்னும் கொட்டகையை நடத்துகிறாள், வேறு பிழைப்பு ஏது? டிரம்மில் அவளே இறங்கி மிதிக்கிறாள், பழையபடி எண்ணெய் இறங்குவதில்லை. சுவரிலிருந்த படத்தை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

மாலையில் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, எண்ணெய் படாத துணி மாற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். அவன் காலை மடியில் எடுத்து விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள். "வா, மோந்து பாரு." நான் குனிந்து முகர்வேன். ஒன்றுமில்லை என்பேன். "நல்லா மோந்து பாரு" என்பாள். திரும்பவும் முகர்வேன். அண்ணன் சிரிப்பான். "ரெண்டு பேரும் என் காலைக் கடிச்சுத் தின்னுறாதீங்க, இது ஒண்ணுதான் மிச்சம்." அவள் சிரிக்க மாட்டாள்.

என்மேலும் அவளுக்கு முழு நம்பிக்கை இல்லை. அதனால் ஜன்னலைச் சாத்தவிடுவதில்லை. கொட்டகையிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட என் வீட்டுக்குள் வரக்கூடாது. ஒரு தடவை நான் தரையைத் துடைக்கிற தண்ணீரில் எலுமிச்சைப் புல் எண்ணெய் விட்டுவிட்டேன். வாளியைத் தூக்கித் தெருவில் எறிந்தாள். "அதுங்க வரணும்டி! வந்தாத்தான் எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். வாழ்நாளெல்லாம் ஈயை விரட்டியவள்.

நேற்று மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக ஓர் ஈ வந்தது. அண்ணியின் கை டம்ளரோடு அப்படியே நின்றது. அது அறையை ஒரு சுற்றுச் சுற்றியது, விளக்கின் பக்கம் போனது, கீழே இறங்கியது. அண்ணன் காலை அசைக்கவில்லை. அது என் டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து டீயைத் தொட்டது. "அப்பாடா" என்று அண்ணன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, காலைக் கையில் எடுத்தாள். "வா" என்றாள் என்னிடம். "மோந்து பாரு."